ஏழாவது பொருள்

காக்கி புக்கிட், தொழிற்பேட்டை, மூன்றாம் மாடி.
கீழே டயர் கடை, மேலே பைபிள் வகுப்பு,
நடுவில் நாங்கள்,
காலாங் நீர்நாய்கள் பேஸ்பால் கழகம்.
பதினெட்டு நாற்காலி. ஒழுகும் ஏர்கான்,
அதன் கீழே ஒரு மைலோ டின்.
நான் கூட்டக் குறிப்பு எழுதுபவள்.
வாரம் மூன்று மாலை, மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி.

ஆறு பொருளும் அரை மணியில் முடிந்தன.
வலை கிழிந்தது. வாடகை ஏறியது.
மின்னல் அபாயச் சங்கு ஊதியும்
திடலைவிட்டு வராத பையன்களுக்குக் கண்டனம்.
ஏழாவது:
திரு அரியநாயகத்தின் பொறுப்பு என்ன?

அட்டையில் அச்சடித்திருக்கிறது,
ஆட்டக்காரர் விவகார இயக்குநர் என்று.
'கௌரவப் பதவி, அவ்வளவுதான்' என்கிறார் தலைவர் லிம்.
'கௌரவத்துக்கா மாதம் இரண்டாயிரத்து நானூறு?'
என்கிறார் பொருளாளர்.
ஹைக்காலின் அப்பா எழுந்து நிற்கிறார்.
டாக்சி ஓட்டுபவர். சாவி இன்னும் கையில்.
'என் மகனை அணியிலிருந்து எடுத்த கடிதத்தில்
இவர் கையெழுத்து இருக்கிறது.
பொறுப்பே இல்லாதவர் எப்படிப் போட்டார்?'

அரியநாயகம் பதினாறு வருடம் கேட்சர்.
வலது சுண்டுவிரல் தன் போக்கில் வேறு திசைக்குப் போகும்.
கேட்சரின் முகம் யாருக்கு ஞாபகம்?
கம்பிதான் ஞாபகம்.
குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவில்
ஒரு விரல் காட்டினால் வேகம், இரண்டு காட்டினால் வளைவு.
சொன்னது இவர் விரல், எறிந்தது டெரிக் கோ,
பேப்பரில் வந்ததும் டெரிக் கோ.
பந்து வேலி தாண்டிப் போனால் மட்டும்
எல்லாரும் திரும்பிக் கேட்பார்கள்,
யார் கொடுத்த சிக்னல்?

'நீங்களே சொல்லுங்கள்.'
கோப்பி ஓ பையின் கயிற்றை விரலில் சுற்றி, அவிழ்த்து,
'கையெழுத்து என்னுடையதுதான்' என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும்.
இரண்டாம் இழுப்பறையில், ஸ்டேப்ளருக்குப் பின்னால்,
அந்தக் கையெழுத்தின் ரப்பர் முத்திரை.
பிராஸ் பாசாவில் செய்தது, பதினெட்டு வெள்ளி,
ரசீதை நானே கோப்பில் சேர்த்தேன்.
தலைவர் நடந்துகொண்டே சொன்னார், நான் தட்டினேன்.
அழுத்தியதும் நான்தான்.
அவர் தமிழில் கையெழுத்திடுபவர்.
மை கூடிப்போய்
'ய'வின் வளைவு கசிந்துவிட்டது.

அவருக்கு ஒரு மேசை கொடுத்திருந்தோம்.
கணினி இல்லை. கதவுக் குறியீட்டு எண்ணும் கொடுக்கவில்லை,
மணி அடித்துத்தான் வருவார்.
ஒரு நோட்டில் பையன்களைப் பற்றி எழுதுவார்.
ஹைக்கால் பெயருக்கு எதிரே:
இடது தோள் சீக்கிரம் திறக்கிறது. பொறுக்கணும். வருவான்.

நிமிர்ந்தபோது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
மேசைக்கு அடியில், தொடைமேல், வலது கை.
ஒன்றுமில்லை, இரண்டுமில்லை.
எல்லா விரலும் மூடிய கை.
அதற்கு என்ன பொருளென்று
எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.
பேசு என்றாரா, பேசாதே என்றாரா,
இல்லை, அது வெறும் வலியா.

குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினேன்.
அங்கே செய்தவர் பெயரே இல்லாமல்
எதையும் செய்து முடித்துவிடலாம்.
விவாதிக்கப்பட்டது. தெளிவு எட்டப்படவில்லை.
பதவி விலகல் ஏற்கப்பட்டது.

அடுத்த மாதம் சாதாரண உறுப்பினராக வந்தார்.
சந்தா பத்து வெள்ளி, என்னிடம் சில்லறையாகத் தந்தார்.
எண்ணி வாங்கினேன்.
சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசித்தேன்.
திருத்தம் உண்டா?
வெளியே ஊபி ரோட்டில் மழை.
டின்னில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.
முன்மொழிந்தவர், லிம்.
வழிமொழிபவர்?

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
நான்கு விரல் நேராக,
சுண்டுவிரல் மட்டும்
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.
பெயரை எழுதினேன்,
எழுத்துப் பிழை இல்லாமல்.